தண்ணீர் இறங்கிய வழியே

பழனிக்காரர்களுக்கு மலை என்றால் தண்டாயுதபாணி நிற்கும் குன்றுதான். அதற்குத் தெற்கே வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் பெருமலையை, மழை இறங்குகிறதா என்று பார்க்கத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். மண்டபம் கடற்கரையிலிருந்து அந்த ஊருக்கு மருமகளாக வந்த எனக்கு அந்தப் பெருமலையின் மேல்தான் கண். அதன் ஓடைகளையும் ஏரிகளையும் எனக்குக் காட்டிக்கொடுத்தது என் கணவரின் தூண்டில்.

இருவரும் பள்ளி ஆசிரியர்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. சித்திரையில் பரீட்சைத் தாள் திருத்தி முடித்த கையோடு, அவருடைய ராஜ்தூத் வண்டியின் பக்கவாட்டில் மூங்கில் கழிகளைக் கட்டிக்கொண்டு என் தாய்வீட்டுக்குக் கிளம்புவோம். திண்டுக்கல், மதுரை என்று பஸ் மாறிப் போனால் ஒரே பகலில் போய்ச் சேரும் ஊர். நாங்களோ மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி, வைகையின் கூடவே கடலுக்குப் போவோம். தண்ணீரைக் கண்ட இடத்திலெல்லாம் வண்டி நிற்கும். என் மாமியார் வாசலில் நின்று, "பாத்துப் பதனமாப் போங்க சாமி" என்று சொல்லி, ஒரு தூக்குச்சட்டியில் கட்டுச்சோறும் சின்ன வெங்காயமும் கொடுத்தனுப்புவார்.

தைப்பூசம் தொடங்கிப் பங்குனி உத்திரம் முடிகிறவரை எங்கள் வீட்டுத் தூண்டில்கள் பரணைவிட்டு இறங்காது. பாதயாத்திரை வந்தவர்கள் சண்முகநதியில் முழுக்குப் போட்டுக் காவடி எடுக்கிற நாள்களில் மீன் பேச்சே எழாது. சித்திரை பிறந்ததும் அவர் தூண்டில் முள்ளை எண்ணெய் போட்டுத் துடைக்க ஆரம்பிப்பார். மயிலிறகின் தண்டை நறுக்கித் தக்கை செய்வார். தங்கூசி நரம்பைக் கையில் ஓடவிட்டு, எங்கே சொரசொரக்கிறதோ அந்த இடத்தில் வெட்டி முடிச்சுப் போடுவார். நாங்கூழ்ப் புழு ஈரமண்ணோடு ஒரு டால்டா டப்பாவில் வரும். மைதா மாவைப் பிசைந்து உருட்டித் தருவது என் வேலை.

முதல் நிறுத்தம் வரதமாநதி அணை. பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் சாலை ஓரத்திலேயே இருக்கிறது. வெயில் ஏறுமுன் கரையில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் சட்டி நிறையும். பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டைதான். அந்த மீனைப் பற்றி அவர் சொன்ன கதை எனக்கு வியப்பாக இருந்தது. அதன் பிறந்த மண் ஆப்பிரிக்கா. 1952ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து, குளத்தில் வளர்க்கலாமா என்று சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று எங்கள் மண்டபம். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் அப்போது அங்கேதான் இருந்தது. 1957ல் கட்டி முடித்த அமராவதி அணையில் அந்த மீன் அப்படிப் பெருகியது, மற்ற மீன்களை ஓரங்கட்டும் அளவுக்கு. என் ஊர் வழியாக வந்த மீனை அவர் ஊர் அணையில் பிடிக்கிறோம் என்று அந்த வயதில் எனக்குள் ஒரு பெருமிதம். முட்டையை வாயில் வைத்துக் காக்கும் மீன் அது. குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து என்றால் தாய் வாயைத் திறக்கும், குஞ்சுகள் உள்ளே ஓடி ஒளியும். அதைக் கரையிலிருந்து கண்ணால் பார்த்த அன்றைக்கு நான் தூண்டிலை மடக்கி வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுச்சோற்றைப் பிரித்தார்.

அங்கிருந்து மலைப்பாதை. பழனியிலிருந்து கொடைக்கானல் அறுபத்து நாலு கிலோமீட்டர். முதலில் புளியமரமும் வேலமரமும். சவரிக்காடு தாண்டியதும் காப்பித் தோட்டமும் வாழையும். வடகவுஞ்சிப் பக்கம் காற்றில் குளிர் தட்டும். அங்கே அவர் வண்டியை நிறுத்தி எனக்கு ஸ்வெட்டரை எடுத்துத் தருவார். பாறைகளுக்கு இடையே ஓடும் சின்ன ஓடைகளில் வாயால் கல்லைப் பற்றிக்கொண்டு பாசி மேயும் குட்டி மீன்கள் இருக்கும். அவற்றுக்கு ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போகும் மலையோடையில் அதே கல்லில் நிலைத்து வாழ்கிற மீன்கள் அவை. அந்த மலையின் உண்மையான குடிமக்கள் அவைதாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஏனென்றால் மேலே போகப் போக, தூண்டிலில் விழும் மீன் எல்லாம் யாரோ கொண்டுவந்து விட்டவை. கொடைக்கானல் ஏரியே மனிதன் கட்டியதுதான். 1863ல் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், மூன்று ஓடைகள் கூடும் சதுப்புநிலத்தில் கரை எழுப்பி நீரைத் தேக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மலைமேல் ஏற்றியவரும் அவரே. ஏரியில் கெண்டை இனங்கள் விடப்பட்டன. மீன்துறை ஆளிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, சுற்றுலாக் கூட்டத்துக்கு எட்டாத மூலையில் உட்காருவோம். மஞ்சு இறங்கினால் தக்கை கண்ணுக்குத் தெரியாது. நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு இழுப்பை உணர்வேன்.

"ஏங்க, இழுக்குதுங்க!"

"அவசரப்படாத அம்மணி. நல்லா முழுங்கட்டும்."

அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் மீன் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். எங்கள் கடற்கரையில் இழுத்த நொடியிலேயே சுண்டுவார்கள். அணைமீன் பழக்கம் அவருக்கு, கடல்மீன் பழக்கம் எனக்கு. ஏரி மீன் இருவருக்கும் போக்குக் காட்டும்.

என் மனதில் மிக ஆழமாகப் பதிந்தது மேல்மலைதான். பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு, அங்கே மலைப்பூண்டு வாங்குவோம். இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிற அந்தப் பூண்டை அன்று படியில் அளந்து கொடுத்தார்கள். அதற்கப்பால் மன்னவனூர். 1965லிருந்து அங்கே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புல்வெளிச் சரிவில் ஆடுகள், கீழே ஏரி, ஏரிக்கு வரும் ஓடையில் கண்ணாடிபோல் தண்ணீர். வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் டிரவுட் மீனைப் பழக்கினார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஹெச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகமே நடத்தினார். பிறகு இந்த மலையின் ஓடைகளிலும் அதை விட்டார்கள். குளிர்ந்த, ஓடுகிற, காற்று நிறைந்த நீர் இல்லையென்றால் அது பிழைக்காது. என் கணவர் மணிக்கணக்காக ஓடையில் முழங்கால் அளவுக்கு நின்றார். கடைசியில் வந்தது ஒரு சாண் மீன். பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு, உடம்பெல்லாம் கரும்புள்ளி. இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தோம். "வெளியூர்ப் புள்ள, பாவம்" என்றபடி குனிந்து தண்ணீரில் விட்டார். அன்றிரவு உருளைக்கிழங்குப் பொரியல்தான். மண்ணெண்ணெய் ஸ்டவ் குளிரில் பற்றவே அரைமணி ஆயிற்று. அந்த இரவின் நட்சத்திரங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கொடைக்கானலில் இரண்டு இடங்களுக்கு அவர் என்னைத் தவறாமல் கூட்டிப்போவார். ஒன்று குறிஞ்சி ஆண்டவர் கோயில்; 1936ல் லீலாவதி ராமநாதன் கட்டியது. அங்கிருந்து வடக்கே பார்த்தால், வானம் தெளிந்த காலையில் பழனி தெரியும். மற்றது கோக்கர்ஸ் வாக், தெற்கு விளிம்பில். கீழே பாம்பாற்றுப் பள்ளத்தாக்கும் பெரியகுளத்துச் சமவெளியும் விரிந்து கிடக்கும். வடக்குச் சரிவில் விழுகிற மழை சண்முகநதி, அமராவதி என்று கலந்து கரூர் அருகே காவிரியில் சேர்கிறது. தெற்கே விழுவது வராக நதியாகவும் மஞ்சளாறாகவும் இறங்கி வைகைக்குப் போகிறது. பேரிஜம் ஏரியின் நீரைப் பெரியகுளம் குடிக்கிறது. வைகையில் மிஞ்சுவது இராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பிய பின், மண்டபத்துக்குக் கொஞ்சம் வடமேற்கே ஆற்றங்கரை என்ற ஊரில் கடல் சேரும். சிறுமியாக நான் அந்த முகத்துவாரத்தில் நண்டு பிடித்திருக்கிறேன். என் புகுந்த வீட்டு மலையின் தண்ணீரில்தான் அன்று நின்றிருக்கிறேன் என்பது கோக்கர்ஸ் வாக்கில் அவர் கைகாட்டிச் சொன்னபோதுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

லா காட் ரோடு வழியாக வத்தலக்குண்டுக்கு இறக்கம். வழியில், ஏரியின் உபரிநீர் விழுகிற வெள்ளி அருவியில் முகம் கழுவிக்கொள்வோம். சமவெளியில் அனல் அடிக்கும். 1959ல் திறந்த வைகை அணையில் தூண்டில் போடுவதில்லை. பரிசல்காரர்கள் அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த ரோகு, கட்லாவை வாங்கிக்கொள்வோம். அவையும் கங்கைப் பக்கத்து மீன்கள்தாம். வைகைக்கே சொந்தமானது அயிரை. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, மணலுக்குள் புதைந்து வாழும். உயிரோடு வாங்கி, உப்புப் போட்டு உரசி, மண் கக்கும்வரை அலசிப் புளிக்குழம்பு வைக்க வேண்டும். மதுரையில் ஓர் உறவினர் வீட்டு அடுப்பில், பூம்பாறைப் பூண்டை முழுசு முழுசாகப் போட்டு நான் வைத்த அயிரைக் குழம்பை என் கணவர் இன்றும் சொல்லிக்காட்டுவார். ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளிய பிறகு அயிரை எங்கே புதையும்? இப்போது குளத்தில் பிடித்ததைத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள்.

அழகர் ஆற்றில் இறங்க அணையைத் திறந்துவிட்ட ஆண்டென்றால், மதுரை தாண்டியும் கொஞ்ச தூரம் தண்ணீர் எங்களோடு வரும். அப்புறம் மானாமதுரை, பரமக்குடி, வெறும் மணல்.

மண்டபத்தில் இறங்கியதும் மாணவர் ஆகிவிடுவார் என் கணவர். அங்கே ஆசான் என் அண்ணன். பாம்பனுக்குச் சாலைப் பாலம் 1988ல்தான் வந்தது. அதுவரை கடலைத் தாண்ட 1914ன் ரயில் பாலம் மட்டும்தான். எங்களுக்கு அக்கரைக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. விடிகாலையில் அண்ணனின் வத்தையில் தென்கடலுக்குள் போவோம். வாடை ஓய்ந்து, சோழகம் இன்னும் கிளம்பாத சித்திரையில் மன்னார் வளைகுடா அசையாமல் கிடக்கும். மனோலித் தீவு அருகே அண்ணன் துடுப்பை எடுத்துவிட்டு, "மாப்ள, கீழ பாருங்க" என்பார். இரண்டு ஆள் ஆழத்தில் மான்கொம்புப் பவளம் கிளைவிட்டு நிற்கும். அதற்குள் நீலமும் பச்சையுமாகக் கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கிற சத்தம் காதில் விழும். மலையோடையில் பாறையைப் பற்றி மேய்ந்த மீனையும் இதையும் ஒரே பயணத்தில் பார்த்தோம்.

"கழி வேணாம் மாப்ள. கயித்தை விரல்ல விடுங்க. கல்லுல மாட்டுனா இழுக்காதீங்க, கல்லு ஒடையும்."

பவளத்தை அண்ணன் கல் என்றுதான் சொல்வார். அதற்கு மேல் தூண்டில் போட விடமாட்டார். தள்ளி மணல்திட்டில் போட்டு விளமீனும் பாரையும் எடுப்போம். அதே காலத்தில் பவளத்தைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் படகு படகாகக் கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். இராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை இருந்த இருபத்தொரு தீவுகளில் இரண்டு பிறகு கடலுக்குள் மூழ்கியே போயின. அலையைத் தடுத்த கல்லைப் பெயர்த்தால் தீவு நிற்காது என்று அண்ணன் அன்றே சொன்னார். 1986ல் தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அமைந்தபோது அவர் பிழைப்பில் ஒரு பகுதி போயிற்று. இருந்தும் அது சரியென்றே சொன்னார். 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

மலையும் மாறிவிட்டது. நாங்கள் ஏரியில் தூண்டில் போட்ட நாள்களில், 1984 வாக்கில், பாம்பார் சோலைக்கு மேலே பாதரச வெப்பமானி ஆலை வந்தது, 2001ல் மூடினார்கள். பிறகு அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் சோதித்தபோது கொடைக்கானல் ஏரியின் நீரிலும் மீனிலும் பாதரசம் இருந்தது. பேரிஜத்தைவிட அங்கே அதிகம். அதைப் படித்த நாளிலிருந்து அந்த ஏரி மீனை எங்கள் வீட்டில் சமைத்ததில்லை. புல்வெளிகளை வாட்டில் மரமும் பைனும் தின்றுவிட்டன. 2013ல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டரைக் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்ததை இந்த மலைக்கு நடந்த பெரிய நன்மையாக எண்ணுகிறேன். சோலையும் புல்லும் மழையைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் சித்திரையிலும் ஓடையில் நீர் ஓடுகிறது. பழனியும் பெரியகுளமும் குடிப்பது அந்த நீரைத்தான்.

இன்று என் கணவருக்கு முழங்கால் வலி, எனக்குக் கண்புரை. ராஜ்தூத்தை விற்று வெகுகாலம் ஆயிற்று. தூண்டிலோடு கிளம்புகிற இளம் தம்பதிகளுக்கு எங்கள் சார்பில் ஒரு வேண்டுகோள். அணையில் மீன்துறையிடமோ குத்தகைக்காரரிடமோ கேட்டுவிட்டு உட்காருங்கள். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தேசியப் பூங்காத் தீவுகளைச் சுற்றித் தூண்டிலே கூடாது, கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கே உட்கார்ந்தாலும் அறுந்த தங்கூசி நரம்பை ஒரு முழம்கூட விடாமல் சுருட்டி எடுத்து வந்துவிடுங்கள். அது மக்காது. நீர்க்காகத்தின் காலிலும் ஆமையின் கழுத்திலும் போய்ச் சுற்றிக்கொள்ளும்.