மணி இப்போது ஈப்போவில்

முரட்டுக் குதிரையைக் கொடுப்பதைவிட நன்றாகப் பழகிய குதிரையைக் கொடுப்பது கடினம். முரடன் லாரியில் ஏற மறுப்பான், மிரளுவான், காலை உதறுவான். நமக்காக ஏங்குகிறான் என்றாவது நினைத்துக்கொள்ளலாம். என் குதிரை மணி அப்படி எதுவும் செய்யவில்லை. நான் கயிற்றை நீட்டிய பக்கம், நான் சொல்லிக் கொடுத்தபடியே, தலையைத் தாழ்த்திப் பலகைமேல் நடந்து உள்ளே போய்விட்டான்.

அவன் ரேஸில் ஓடியவன். நியூசிலாந்தில் பிறந்து இங்கே வந்து, வலது முன்னங்கால் தசைநார் வீங்கியதால் இளவயதிலேயே திடலைவிட்டு வெளியேற்றப்பட்டவன். ரேஸ் குதிரையைச் சவாரிக் குதிரையாக மாற்றுவது, பழையதை மறக்கவைத்துப் புதியதைக் கற்றுத்தரும் வேலை. கடிவாள வார் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமெடுப்பான். ஜாக்கிகள் குட்டையான அங்கவடியில் குந்தி ஓட்டுவதால், விலாவில் கால் அழுந்தினால் என்ன செய்வது என்றே அவனுக்குத் தெரியாது. ஆள் ஏறும்வரை நிற்கவும் தெரியாது. ரேஸில் நடந்துகொண்டிருக்கும் குதிரைமேல்தான் ஜாக்கியைத் தூக்கி உட்காரவைப்பார்கள். ஒவ்வொன்றாகப் பழக்கினேன். கடைசியில் நான் மூச்சை மெல்ல விட்டு இடுப்பைத் தளர்த்தினாலே ஓட்டத்திலிருந்து நடைக்கு வந்துவிடுவான். வாரைத் தொடவே வேண்டியதில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தபின் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலுள்ள சேலைக் கடை என் தலையில் வந்தது. காலையில் கதவைத் திறந்தால் இரவுவரை நின்றபடிதான். லாயமோ ஊருக்கு வெளியே. உலர்புல் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது, அந்த விலையைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் வேலையில்லாமல் லாயத்தில் நிற்கும் குதிரைக்கு உடம்பும் கெடும், மனசும் கெடும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவனுக்குப் புது வீடு தேடிய காலமும் மோசமான காலம். 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப், 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ரேஸை நடத்திவிட்டுக் கதவை மூடியது. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பிலும் 2025இல் ஓட்டம் நின்றது. ஒரே நேரத்தில் எத்தனையோ குதிரைகளுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. அவற்றில் பல மணியைவிட இளையவை. குதிரை இருபத்தைந்து வயதைத் தாண்டியும் வாழும். ரேஸ் அதில் சில ஆண்டுகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. மீதி ஆயுளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை, குதிரை வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டும்.

கோலாலம்பூருக்கு இந்த இழப்பு புதிதல்ல. 1896இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் திடல் அம்பாங் சாலையில் இருந்தது. அந்த நிலத்தில்தான் இன்று 452 மீட்டர் உயரத்தில் இரட்டைக் கோபுரம் நிற்கிறது. ரேஸ் சுங்கை பீசிக்குப் போய்விட்டது. எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணனின் அப்பாவும் அம்பாங் திடலில் சைஸாக இருந்தவராம். கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம், விடியற்காலையில் அப்பா அங்கே குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய கதையைத்தான் அண்ணன் சொல்வார். பக்கத்துத் துணிக்கடை ராவுத்தர் மாமாவுக்கும் குதிரைப் பேச்சு என்றால் முகம் மலரும். தன் முன்னோர் குதிரைப்படையில் இருந்ததையும் குதிரை வாணிபம் செய்ததையும் பெருமையோடு சொல்வார். மணியை அனுப்பப் போகிறேன் என்றதும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாங்குறவன் கையைப் பாரும்மா, பணத்தைப் பாக்காத" என்றார்.

கையைத்தான் பார்த்தேன். வந்தவர்களில் சிலர் ஏறியதுமே வாரை இழுத்தார்கள். ஒருவர் விடுதியில் வரும் பயணிகளுக்குச் சவாரி விடக் கேட்டார். நாள் முழுக்க வெயிலில் சுற்றவிடுவார் என்று புரிந்ததும் மறுத்துவிட்டேன். நம் ஊர் வெக்கையில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும், உடல் சூடு இறங்க வழியில்லாமல் திணறும். ஆகவே நிழல் உண்டா, காற்றாடி உண்டா, ஓட்டம் முடிந்ததும் குளிப்பாட்ட ஆள் உண்டா என்று எல்லாரிடமும் கேட்டேன். ஈப்போவுக்கு அருகே சின்னச் சவாரிப் பள்ளி நடத்தும் ஓர் ஆசிரியை, நான் கேட்பதற்கு முன்பே அவன் குளம்புகளைத் தூக்கிப் பார்த்தார், வலது முன்னங்காலைத் தடவிப் பார்த்தார். சில வாரம் வைத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் எனக்கே திருப்பித் தருவதாக எழுதியும் கொடுத்தார்.

லாரி புறப்பட்டதும் சைஸ் அண்ணன், "தங்கச்சி, அவன் பொழச்சுக்குவான். நீதான் ராத்திரி தூங்கமாட்ட" என்றார். உண்மைதான். சேலையை விரித்துக் காட்டும்போதுகூட என் இடுப்பு அவன் நடையைத் தேடுகிறது. சேணத்தை எடுத்ததும் அவன் முதுகிலிருந்து எழும் வியர்வையும் புல்லும் கலந்த வாடை எனக்கு வேண்டும். இந்தத் தெருவில் மல்லிகையும் பிரியாணியும் மணக்கின்றன, அது மட்டும் இல்லை.

ஆசிரியை அனுப்பும் வீடியோக்களில், அங்கவடிக்குக் கால் எட்டாத ஒரு சிறுமி பலகைமேல் நின்று தட்டுத்தடுமாறி ஏறுகிறாள். அவள் உட்கார்ந்து முடிக்கும்வரை மணி அசையாமல் நிற்கிறான். தீபாவளி விற்பனை முடிந்ததும் ஈப்போவுக்கு பஸ் ஏறுவேன். எனக்குச் சவாரி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். அவன் இப்போது அவள் காலுக்குப் பழகிக்கொண்டிருக்கிறான்.