நடிகர் திலகமும் நெல்லியடி ஆசிரியரும்

நெல்லியடிச் சந்தியிலிருந்து சிறிது தொலைவில் தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். ஊரவர்க்கு அவர் 'கட்டபொம்மன் வாத்தியார்'. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் 1959 ஆம் ஆண்டில் வெளிவந்ததன் பின்னர், கலியாண வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் ஒலிபெருக்கி வழியே முழங்கிய அதன் வசனங்களை அவர் ஒரு சொல்லும் பிசகாது மனனஞ் செய்திருந்தார். திருவிழா மேடைகளில் மாத்திரமன்றி, வகுப்பறையிலும் வீட்டு முற்றத்திலுங்கூட அவர் பேசியது அந்தக் குரலிலேயே. சிவாஜி கணேசன் என்ற நடிகரின் நெடிய கலைவாழ்வை நோக்குவதற்கு இவ்வாசிரியரின் வாழ்வு ஒரு சாளரமாக அமைகின்றது.

1928 இல் பிறந்த கணேசன், சிறு பராயத்திலேயே நாடகக் குழுவிற் சேர்ந்து, பெண் வேடமும் தாங்கி வளர்ந்தவர். அண்ணாதுரையின் நாடகமொன்றில் மராட்டிய மன்னன் சிவாஜியாக நடித்தமைக்காகப் பெரியார் சூட்டிய பெயரே பின்னர் அவரது பெயராக நிலைத்தது. 1952 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி' அவரது முதற்படம். கருணாநிதியின் அடுக்குமொழி வசனத்துக்கு ஏற்ற குரல் ஒன்று தமிழ்த் திரைக்கு அன்று கிடைத்தது. கட்டபொம்மன் வேடமும் முதலில் மேடையிற் பயின்று, பின்னரே திரைக்கு வந்ததாகும். 1960 இல் கெய்ரோ நகரில் நடைபெற்ற ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்ததும் அவ்வேடமே.

இந்நடிப்பினை 'மிகைநடிப்பு' எனக் குறைகூறியோர் பலர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அக்குரல் எங்கிருந்து வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. திறந்த வெளியில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் எட்டவேண்டிய குரல் அது. கூத்திலும் இசை நாடகத்திலும் ஊறிய யாழ்ப்பாணத்து மக்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' கண்டு விடியும்வரை விழித்திருந்த கண்களல்லவா அவை! நமது ஆசிரியரும் அந்தக் கண்களுக்கு உரியவரே.

சிவாஜியின் கலைவாழ்வில் விந்தையொன்று உண்டு. இளமையில் அவர் முதுமையை நடித்தார். முப்பதுகளின் முற்பகுதியிலேயே 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில், செக்கிழுத்துச் சிறையிலிருந்து மீண்டு தளர்ந்த சிதம்பரனாராகத் தோன்றினார். 'திருவருட்செல்வர்' படத்தில் (1967) முதிய அப்பராகவும், 'வியட்நாம் வீடு' படத்தில் (1970) பதவியிலிருந்து ஓய்வுபெறும் குடும்பத் தலைவராகவும் வந்தபோது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயதே. 'நவராத்திரி'யில் (1964) ஒன்பது வேடங்கள் தாங்கியவருக்கு எந்த வயதும் ஒரு வேடமே.

ஆனால் உண்மையான முதுமை வாசலுக்கு வந்தபோது அவர் இளமையை நடிக்கலானார். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து பல படங்களில், பொய்முடியும் ஒப்பனையும் தரித்து, மகள் வயதுடைய நாயகியரோடு ஆடிப்பாடினார். 1979 இல் வெளிவந்த அவரது இருநூறாவது படமான 'திரிசூலம்' பெருவெற்றி ஈட்டியது மெய்யே. எனினும் வெற்றியும் கலையும் ஒன்றல்லவே!

1985 இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' இந்நிலையை மாற்றியது. தன் வயதையே தாங்கி, இல்லறத்தில் நிறைவு காணாத ஒரு கிராமத்துப் பெரியவராக அவர் அதில் வாழ்ந்தார். கண்ணும் நடையும் பேசின, நாவு அடங்கியிருந்தது. ஆனால் கட்டபொம்மன் வாத்தியாருக்கு அப்படம் பிடிக்கவில்லை. "மனுசன் வாயே திறக்கேல்லை. இது சிவாஜி படமே?" என்று அவர் சலித்துக்கொண்டார்.

1987 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை இடம்பெற்றது. அதன் பின்னர் அவரது ஒரே மகன் இலண்டனுக்குப் புறப்பட ஆயத்தமானான். அன்று முற்றத்தில் நின்று ஆசிரியர் மண்ணையும் மானத்தையும் பற்றி முழங்கினார். படலையைத் தாண்டுபவன் திரும்பி வரத் தேவையில்லை என்றார். அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தனர். குரல் கடைசி வரிசைவரை கேட்டது. மகனோ மறுமொழி கூறாது போனான். அதன்பின் கடிதங்கள் தாய்க்கு மட்டுமே வந்தன.

சிவாஜி கணேசன் 2001 ஜூலை 21 ஆம் திகதி காலமானார். மூன்றே நாட்களில் கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டது. அந்த அமளியில் ஆசிரியரின் துக்கத்தை விசாரிப்பார் எவருமில்லை. மறு ஆண்டு போர்நிறுத்தம் வந்து, கண்டி வீதி திறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளின் பின் மகன் வந்தான். பைக்குள் தகப்பனுக்கென்று கொண்டுவந்திருந்தது 'தேவர் மகன்' இறுவட்டு.

1992 இல் வெளிவந்த அப்படத்தில் சிவாஜி ஏற்றது, இலண்டனிற் படித்துத் திரும்பிய மகனை ஊரோடு நிறுத்திவைக்க விரும்பும் தந்தையின் வேடம். கட்டளையிடும் அதிகாரம் இருந்தும், தான் பலனைக் காணாவிட்டாலும் விதைத்துவிட்டுப் போவதே தன் கடன் என்று அத்தந்தை மகனுக்கு எடுத்துச் சொல்கிறார். கட்டபொம்மனாக முழங்கிய அதே தொண்டையிலிருந்து வந்த தணிந்த குரல் அது. ஆசிரியர் அந்தக் கட்டத்தை மீண்டும் ஒருமுறை போடச் சொன்னார்.

படம் முடிந்தபின் நெடுநேரம் பேசாதிருந்தவர், "அண்டைக்கு நான் கத்தியிருக்கக்கூடாது, தம்பி" என்றார்.

"நீங்கள் எங்கை, ஐயா, கத்தினது? கட்டபொம்மன் வாத்தியார் எல்லே கத்தினவர்!" என்றான் மகன். உள்ளேயிருந்து தாய் சிரித்தது கேட்டது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடித்த ஒரு கலைஞனை ஒரு படத்தாலோ ஒரு குறையாலோ அளந்துவிட முடியாது. எந்தக் குரலால் புகழ் பெற்றாரோ அந்தக் குரலையே பிற்காலத்தில் அடக்கிக்கொள்ளத் துணிந்தமையே சிவாஜியின் அரிய சாதனை எனலாம். 1996 ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது உள்ளிட்ட சிறப்புகள் யாவும் அதன் பின்னர் வைத்து எண்ணத்தக்கவையே.

ஆசிரியர் அதன் பின்னரும் திருவிழாக்களுக்குப் பிள்ளைகளைப் பழக்கினார். கட்டபொம்மன் வசனத்தையும் விட்டுவிடவில்லை. ஆனால் எந்த இடத்திற் குரலைத் தாழ்த்தவேண்டும் என்பதையே முதலிற் சொல்லிக்கொடுத்தார்.