வருகைப் பதிவேடு

கிள்ளையில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தது 1986லிருந்து 1993 வரை. அந்த வருஷங்களில் என்னிடம் படித்த ஒரு பையனைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது. இருளர் பையன். பிச்சாவரம் கழியில் இறாலும் நண்டும் கையால் தடவிப் பிடிக்கிற குடும்பம். வலை கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடி சேற்றை விரலால் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்கிற வேலை.

பாதி நாள் வரமாட்டான். வந்தாலும் மத்தியானம் காணாமல் போவான். கணக்கு அவனுக்கு நன்றாக வந்தது. என் கோபமே அதனால்தான். பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன். அடித்துமிருக்கிறேன். திங்கட்கிழமை நகம் பார்ப்பது என் வழக்கம். அவன் நகக்கண்ணில் எப்போதும் கறுப்புச் சேறு, விரலெல்லாம் சிப்பி கிழித்த கோடுகள். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

அவன் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினேன். "ஏம்மா, பையன் உருப்பட வேண்டாமா? தண்ணிக்கு இழுத்துக்கிட்டுப் போறியே" என்றேன்.

"பள்ளிக்கூடம் நாளைக்கும் இருக்கும் சார். தண்ணி நிக்குமா?" என்றாள்.

சாக்கு என்று நினைத்தேன்.

1990 மார்ச்சில் வருகைச் சதவீதம் போட உட்கார்ந்தபோது மேஜையில் பாம்புப் பஞ்சாங்கம் கிடந்தது. ஏதோ தோன்றி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பையன் பிற்பகலில் இல்லை. ஒரு வாரம் தள்ளி, அஷ்டமி வாக்கில், காலையில் இல்லை. தண்ணீர் வற்றுகிற வேளை நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் பிந்திக்கொண்டே போகும். பதிவேட்டில் நான் சிவப்பு மையால் போட்ட சுழிகள் அப்படியே சந்திரனைப் பின்தொடர்ந்து போயிருந்தன. அவன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணக்கை நான் ஒரு நாளும் கரும்பலகையில் போட்டதில்லை.

தெரிந்த பிறகாவது மாறினேனா என்றால், இல்லை. இதற்குக் காரணம் என் சோம்பல் மட்டுமல்ல. எங்கள் தலைமுறைக்கு, பிள்ளை அப்பன் தொழிலைக் கற்பதில் ஏதோ இருக்கிறது என்று சொன்னாலே 1953 ஞாபகம் வந்துவிடும். பாதி நாள் பள்ளி, பாதி நாள் குலத்தொழில் என்ற ராஜாஜியின் திட்டம். அடுத்த வருஷமே காமராஜ் அதைக் கைவிட்டார்; அது நியாயம்தான், இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. எனக்குப் பக்கத்திலேயே சிதம்பரத்தில் சகஜானந்தர் 1916இல் ஆரம்பித்த நந்தனார் பள்ளி வேறு இருந்தது. பண்ணை அடிமைத்தனத்திலிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து படிக்க வைத்த காரியம். நானும் அதைத்தான் செய்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். பண்ணையிலிருந்து மீட்பதும் கழியிலிருந்து மீட்பதும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்ளவில்லை. கழிக்குப் பண்ணையார் கிடையாது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் உண்டு. சேற்றில் கெளிற்று முள் குத்தி இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறான். தண்ணீரை ஒரு குருகுலமாக்கிக் கவிதை எழுதுகிற நண்பர்களோடும் எனக்கு ஒட்டவில்லை.

ஆனால் ஒன்று. அந்தத் தண்ணீரில் அவன் பன்னிரண்டு வயதிலேயே பெரியவன். அவன் பிடித்த இறாலில் வீட்டில் அரிசி வந்தது. எந்த மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும் என்று அவனுக்குத் தெரியும். அது தில்லை மரம் என்பதும், நான் கோயில் பாட்டில் மட்டுமே அறிந்த தில்லை அதுதான் என்பதும் எனக்கு அவன் சொல்லித்தான் தெரிந்தது. என் வகுப்பில் அவன் கையை மறைக்கிற குழந்தை.

1991இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். மேலே படிக்க ஜாதி சர்ட்டிபிகேட் வேண்டும். நானே அழைத்துக்கொண்டு போனேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். அப்பனுடைய சான்று எங்கே என்று கேட்டார்கள். அப்பனுக்கு ஏது? பிறகு அந்த அதிகாரி, விளையாட்டாகவா நிஜமாகவா தெரியவில்லை, "இருளன்னா பாம்பு பிடிக்கணுமே, தெரியுமாடா?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். கை பின்னால் கட்டியிருந்தது. அந்தக் கையை முன்னால் நீட்டச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை. அப்படி நிற்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

நாலு முறை அலைந்தோம். ஐந்தாம் முறை அவன் வரவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன்; வற்று நேரம்.

போன வருஷம் கிள்ளை ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். ஊர் எவ்வளவோ மாறியிருக்கிறது. 2022இல் பேரூராட்சித் தலைவராகவே ஓர் இருளர் பெண் வந்தார். அவன் தலை நரைத்திருந்தது. பக்கத்தில் மகள், சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிறாளாம். சர்ட்டிபிகேட் கிடைத்துவிட்டதா என்று முதலில் அதைத்தான் கேட்டேன். "வாங்கிட்டோம் சார், மூணு வருசம் ஆச்சு" என்றான். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, எனக்குப் பிடித்த சேதி சொல்கிறவன்போல, "இவ தண்ணியில எறங்குனதே இல்ல சார்" என்றான்.

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வண்டி வந்துவிட்டது.