அக்கினி வெயிலில் பட்டணம்

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய் வந்த நண்பர்கள் நம் வகுப்பிலும் உண்டு. சென்ற மே மாதம் நாங்கள் போனது சென்னைக்கு. அதுவும் கத்திரி வெயிலில்! "மதுரை வெயில் போதாதா உனக்கு?" என்று கேலி செய்யாதவர்கள் குறைவு.

வேறு மாதம் எங்களுக்கு ஏது? பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் அம்மாவுக்கு நடவு, களை, அறுப்பு என்று வேலை ஓயாது. கால்வாய் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில்தான் அவளுக்கு ஓய்வு. எனக்கும் அப்போதுதான் விடுமுறை. அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. "நீ வேலைக்குன்னு போறதுக்குள்ள ஒரு தடவ காட்டிருடா" என்று கேட்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் ரயில் அட்டவணை படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆகவே திட்டம் தீட்டும் பெருமையும் எனக்கே வந்தது. நோட்டில் கோடு போட்டு எழுதினேன். வைகை விரைவு வண்டியில் பகல் பயணம், மறுநாள் கோட்டை, கடற்கரை, அருங்காட்சியகம், கோளரங்கம். வாசித்துக் காட்டினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி தம்பி. மத்தியானம் எங்க இருப்போம்?" என்றார்.

அப்பா கட்டட வேலை செய்பவர். அதற்கு முந்தின கோடையில் தளம் போடும்போது மயங்கி விழுந்தார். நல்ல வேளை, விழுந்தது உள்பக்கம். அது தெரிந்திருந்தும் என் நோட்டில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை கோட்டை மதிலைச் சுற்றுவதாக எழுதியிருந்தேனே! வெட்கமாக இருந்தது.

திட்டத்தை அடித்து எழுதினேன். பகல் வண்டி வேண்டாம், இரவில் பாண்டியன் வண்டி. கடலுக்கு மாலை. உச்சிப் பொழுது முழுவதும் கூரைக்கடியில். தங்குவது மாமா வீட்டு மாடி அறை. பகலெல்லாம் சூடேறிய தளம் இரவில்தான் வெப்பத்தை விடும் என்பதால் படுக்கை வெளியே மொட்டை மாடியில். கடற்காற்றையும் கணக்கில் சேர்த்தேன். நிலம் விரைவில் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்துக் காற்று மேலெழ, கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் அது தாமதமாகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது என்று படித்தபோது வயிற்றைக் கலக்கியது. மேலும் மதுரையில் காயும் வியர்வை சென்னையின் ஈரக் காற்றில் காய்வதில்லை. வியர்வை ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது.

இவ்வளவு கணக்குப் போட்டவன் கிழமையைப் பார்க்கவில்லை! பதினொரு மணிக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் முன் நின்றோம். வாயில் சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அப்பா துண்டால் தலையை மூடிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது. அவர் முகம் கறுத்து வருவதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஆட்டோவில் ஏற்றி, பேரம் பேசாமல், எழும்பூர் ரயில் நிலையத்துக்கே திரும்பினேன். உள்ளே தரையில் துண்டை விரித்தோம். அம்மா மேலூரிலிருந்து கட்டி வந்த புளிச்சோற்றைப் பிரித்தாள். அப்பா உண்டு, தண்ணீர் குடித்து, உறங்கிவிட்டார். அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி வாக்கில் வெளியே மரக்கிளைகள் அசைந்தன. கடற்காற்று!

மாலையில் மெரினா. எதிரே இருந்த வட்டமான கட்டடத்தை அப்பா நின்று பார்த்தார். அது பழைய ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலில் கொண்டுவந்து வைக்க, பிரெடரிக் டூடர் என்ற வணிகர் 1842-இல் கட்டியது என்றேன். மரத்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்றும் விளக்கினேன். "வெள்ளைக்காரனுக்கும் வெயிலு தாங்கல போல" என்றார் அப்பா.

அம்மா எங்களுக்கு முன்னே மணலில் நடந்துவிட்டாள். அலை பாதத்தைத் தொட்டதும் சேலையைத் தூக்கிப் பிடித்து நின்றாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுல ஒரு மடையத் தொறந்துவிட்டா நம்ம கால்வாய்க்குப் போதும்டா" என்றாள்.

"உப்புத் தண்ணி புள்ள" என்றார் அப்பா.