பத்து நொடிக்குள் ஓடி வந்து நின்ற படம்

எங்கள் கல்யாணப் படத்தில் எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். ஸ்டூடியோக்காரர் "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்று மூன்று முறை சொல்லியும் பயனில்லை. அது 1977. பிறகு எடுத்த படங்களில் எல்லாம் எங்களுக்கு நடுவில் பிள்ளைகள், நாத்தனார், கடைசியில் பேரப்பிள்ளை. நாங்கள் இருவர் மட்டும் நிற்கும் படம் அந்த ஒன்றுதான்.

இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. என் அண்ணன் காலமானபோதுதான் உறைத்தது. மாலை போட அவர் தனியாக இருக்கும் படம் ஒன்றும் அகப்படவில்லை. யாரோ வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கினார்கள். அண்ணன் தோளில் யாருடையதோ நான்கு விரல்கள் தங்கிவிட்டன. இன்றும் சுவரில் அந்த விரல்களோடுதான் இருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். வெர்லேன் எழுதிய இலையுதிர்காலப் பாட்டை அர்த்தம் புரியாமல் ஒப்பித்தவன். புதுச்சேரியில் ஏது "ஓத்தோன்"? எங்கள் வாத்தியார் வாசலில் கிடந்த சிவந்த வாதாம் இலை ஒன்றைப் பொறுக்கி வந்து மேசைமேல் வைத்து, "இந்த மாதிரி ஊர் முழுக்க" என்றார். அந்த "ஊர் முழுக்க"வை எழுபது வயதுக்கு மேல், பாரிசுக்குத் தெற்கே இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன்.

அக்டோபர் நடுப்பகுதி. பக்கத்தில் சோ பூங்கா. வெர்சாய் தோட்டத்தை அமைத்த அதே லெ நோத்ர் 17ஆம் நூற்றாண்டில் அமைத்தது. நீண்ட கால்வாய், இரு கரையிலும் நெடுநெடுவென்று மரங்கள். பகல் சுருங்கச் சுருங்க இலையில் பச்சையம் சிதைந்துபோய், அதுவரை உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறதாம். மஞ்சள் புதிதாக வருவதில்லை, முன்பே இருந்ததுதான் என்று மருமகன் சொன்னார்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரு படம் எடுத்துக்குங்க, யாரையாவது கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க" என்றாள் மகள். என் மனைவி ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். "வேத்து மனுஷர் முன்னாடி நான் ஒட்டி நிக்க மாட்டேன்."

அதனால் நாங்களே எடுப்பது என்று முடிவாயிற்று. செல்போனுக்கு ஒரு சின்ன முக்காலி. டைமரைப் பத்து நொடிக்கு வைக்க மகள் சொல்லிக் கொடுத்தாள். அரக்கு, மஞ்சள் புடவை கட்டினால் இலையோடு இலையாகிவிடும் என்றாள். மயில்கழுத்து நிறப் பட்டு தேர்வாயிற்று. போகும் வழியில் பூக்கடை வாசலில் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. தலைக்கு ஒன்று வாங்கலாமே என்றாள் மனைவி. "அம்மா, இங்கே அது கல்லறைக்கு வைக்கிற பூ. நவம்பர் முதல் தேதிக்காக வந்திருக்கு" என்றாள் மகள். இருந்தாலும் என் மனைவி அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மகள் பூங்கா வாசலில் எங்களை விட்டுவிட்டுப் பிள்ளையை அழைக்கப் போய்விட்டாள்.

சூரியன் மறைய ஏழு மணி ஆகும். நாங்கள் ஐந்தரைக்கே போய்விட்டோம். வெயில் எங்களுக்குப் பின்னால் விழுந்தபோது இலையெல்லாம் விளக்கேற்றியது போல் இருந்தது. எங்கள் முகம்தான் கரிக்கட்டை. முக்காலியை நகர்த்தி வெயிலைப் பக்கவாட்டில் வாங்கியதும் சரியாயிற்று. மனைவி குளிர்கோட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு மரத்தடியில் நின்றாள்.

பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. என் முழங்காலுக்கு அந்த எட்டு கஜம் பத்து நொடியில் அடங்கவில்லை. முதல் படத்தில் என் முதுகு. இரண்டாவதில் பாதி முகம். மூன்றாவதில் நான் சரியாக நின்றேன். இருவருக்கும் தலை இல்லை. "ஆபீஸிலே முப்பத்தைந்து வருஷம் என்னதான் செஞ்சீங்களோ" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

ஏழாவது முறை. முதல் நாள் பெய்த மழையில் இலைக் குவியல் ஊறியிருந்தது. மரத்தடிக்கு வந்ததும் கால் வழுக்கியது. விழுந்திருப்பேன். அவள் எட்டி என் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து இழுத்தாள். அந்த நேரம் பார்த்து போன் "க்ளிக்" என்றது.

அதற்குப் பிறகும் நாலைந்து எடுத்தோம். எல்லாவற்றிலும் ஒரு சாண் இடைவெளி திரும்பி வந்துவிட்டது.

ஏழாவது படத்தைத்தான் பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். நான் கோணலாக நிற்கிறேன், வாய் திறந்திருக்கிறது. அவள் முகத்தில் பயமும் சிரிப்பும் சரிபாதி. என் கையைச் சுற்றி அவளுடைய பத்து விரல்கள்.

நண்பர்களே, இதற்கு பாரிசும் இலையுதிர்காலமும் வேண்டியதில்லை. நம் கடற்கரைச் சாலையில் காலை வெயில் போதும். யாரையும் கூப்பிடாமல் நீங்கள் இருவர் மட்டும் போய் எடுத்துக்கொள்ளுங்கள். தரை ஈரமாக இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தை மாட்டிய அன்று என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு யாருக்கு மாலை போடறதா இருந்தாலும் இதை வெட்ட முடியாதுங்க."