பின்னால் ஓர் அடி

அருவியின் உச்சியில் நிற்கும் பெண்ணுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தானேயில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். தலையில் சிவப்பு ஹெல்மெட், இடுப்பையும் தொடைகளையும் சுற்றி இறுக்கிய பட்டை, கால்களில் மகளின் பழைய ஷூ. முதுகுக்குப் பின்னால் சுமார் 120 அடிக்கு எதுவும் இல்லை, தண்ணீர் விழும் இரைச்சலைத் தவிர. எதிரே நிற்கும் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பின்னால் சாயுங்கள், தாயி." மராத்தியில் தாயி என்றால் அக்கா. அக்காவோ முன்பக்கமாகக் குனிந்து, கயிறு கட்டியிருக்கும் இடத்தையே இரு கைகளாலும் பற்றிக்கொள்ளப் பார்க்கிறார்.

இடம் விஹிகாவ். மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் புறநகர் ரயில் ஏறி சுமார் 120 கி.மீ. வந்தால் கசாரா. மத்திய ரயில்வேயின் புறநகர் வண்டிகளுக்கு இந்தத் திசையில் அதுதான் கடைசி நிறுத்தம். அதற்கு மேல் தால் காட் மலைப்பாதை. 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்பதால், நாசிக் பக்கம் ஏறும் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ள இங்கே கூடுதல் எஞ்சின் பூட்டுகிறார்கள். கசாராவில் இறங்கி ஜீப்பில் ஏறினால், நெல் வயல்களுக்கும் தேக்கு மரங்களுக்கும் நடுவே சற்று தூரத்தில் அருவி. 2001-ல் வெளிவந்த 'அசோகா' இந்திப் படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டதிலிருந்து அசோகா அருவி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஜூன் கடைசியில் உயிர்பெற்று செப்டம்பர் வரை ஆர்ப்பரிக்கும் அருவி, கோடையில் வெறும் கரும்பாறை. மும்பைக்குக் குடிநீர் தரும் பாட்சா, தான்சா அணைகள் இதே ஷகாபூர் தாலுகாவில்தான் இருக்கின்றன. ஆனாலும் இங்குள்ள மலைக் கிராமங்கள் பல, மே மாதத்தில் டேங்கர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும். மழைக்கால ஞாயிறுகளில் தண்ணீரைப் பார்க்க நகரத்திலிருந்து வருபவர்களுக்கு இந்த முரண் கண்ணில் படுவதில்லை.

கயிற்றைப் பிடித்துப் பாறையில் இறங்கும் இந்த வித்தைக்கு ராப்பெலிங் என்று பெயர். பிரெஞ்சுச் சொல், திரும்ப அழைப்பது என்று பொருள். இறங்கியபின் கயிற்றையும் கீழிருந்தே உருவி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் வந்த பெயர். ஆல்ப்ஸ் மலையில் சமோனி ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ழான் ஷார்லே-ஸ்ட்ராட்டோன், 1870-களில் பெத்தி ட்ரூ சிகரத்தோடு மல்லுக்கட்டியபோது கண்டுபிடித்த உபாயம் என்பார்கள். அவருக்கு அது உயிரோடு வீடு திரும்பும் வழி. விஹிகாவுக்கு வருபவர்களுக்கு அதுவே பயணத்தின் நோக்கம்.

காலையில் பாடம் தரையில் தொடங்குகிறது. எட்டு எண் போன்ற ஓர் உலோக வளையத்துக்குள் கயிறு வளைந்து செல்கிறது. அந்த வளைவில் ஏற்படும் உராய்வுதான் பிரேக். ஒரு கை கயிற்றை இடுப்புக்குக் கீழே பிடித்திருக்க வேண்டும். அந்தக் கையை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. மூக்கு அரித்தால் மற்ற கை இருக்கிறது. தலைமுடியை முடிந்து ஹெல்மெட்டுக்குள் திணிக்க வேண்டும். துப்பட்டா, தொங்கும் சட்டை எதுவும் ஆகாது. வளையத்தில் முடியோ துணியோ சிக்கினால் நடுவழியில் தொங்க வேண்டியதுதான்.

கற்றுக்கொள்பவரின் உயிர் அவர் கையில் மட்டும் இல்லை என்பது ஆறுதல். இடுப்பில் இரண்டாவதாக ஒரு பாதுகாப்புக் கயிறு. அதை மேலே ஒருவர் பிடித்திருக்கிறார். கீழே நிற்பவர் இறங்கு கயிற்றின் நுனியைச் சுண்டி இழுத்தாலும் இறங்குபவர் அப்படியே நின்றுவிடுவார். ஒரு நுணுக்கம்: காய்ந்த பாறையில் கயிற்றின் அடி நுனியில் முடிச்சு போடுவது வழக்கம், ஆள் நழுவி வெளியேறாமலிருக்க. அடியில் குளம் உள்ள அருவியில் அதே முடிச்சு எமன். நீருக்குள் விழுந்தவரை அது கயிற்றோடு கட்டிப்போட்டுவிடும். எனவே இங்கே நுனி நீரைத் தொடும் அளவுக்கு விட்டு, முடிச்சில்லாமல் வைப்பார்கள். மலையேறத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அருவியில் இறக்கத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டவர்கள், விளிம்புக்கு வந்ததும் மறந்துபோகிறார்கள். காரணம் கோழைத்தனம் அல்ல. உடல் நேராக நின்றால் பாதம் வழுக்கும், முகம் பாறையில் மோதும். உட்காரப் போவதுபோல் பின்னால் சாய்ந்து, கால்களைப் பாறைக்குச் செங்குத்தாக ஊன்றினால்தான் எடை பாதத்தின் வழியே பாறையை அழுத்தும். பாசி படிந்த பாறையிலும் பிடி கிடைக்கும். பிறந்தது முதல் விழாமலிருக்கக் கற்ற உடம்பு இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. முதல் மூன்றடி தாண்டிவிட்டால் மீதி தானாக வரும்.

தானே அக்காவுக்கு அந்த மூன்றடி வரவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் அரை மணி நேரம் முன்பே இறங்கி, கீழிருந்து கையசைத்துக்கொண்டிருக்கிறாள். "வேண்டாம்," என்கிறார் அம்மா. பயிற்சியாளர் மறுபேச்சு பேசவில்லை. கொக்கியைக் கழற்றி, விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி உட்காரவைத்து, அடுத்தவரை அழைக்கிறார். வரிசையில் ஒருவன் சிரிக்க, அதட்டல் விழுகிறது. ஒரு சாகசக் குழுவை எடைபோட இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. "வேண்டாம்" என்றவரை வற்புறுத்தித் தள்ளும் குழுக்களும் உண்டு.

மகாராஷ்டிர அரசு 2021-ல் சாகசச் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டு, நடத்துபவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. பதிவு உண்டா என்று கேட்பவர் சிலரே. போட்டோ கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. கேட்க வேண்டியவை வேறு: கயிறு கட்டப்பட்டிருப்பது ஒரே இடத்திலா, இரண்டிலா? கயிறு பாறை விளிம்பில் உரசும் இடத்தில் உறை உண்டா? தொங்கிப்போனவரை மேலிருந்தே இறக்க வழி உண்டா?

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். சஹ்யாத்ரியின் கரும்பாறை மழையை அதிகம் உறிஞ்சுவதில்லை. மலை முகட்டில் பெய்வது சற்று நேரத்தில் ஓடையில் வந்து சேரும். அருவியடியில் வெயில் காயும்போதே வெள்ளம் வரக்கூடும். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் பூஷி அணைக்குப் பின்னுள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. அவர்கள் கயிறு கட்டி இறங்கவில்லை. ஓடையில் நின்றிருந்தார்கள், அவ்வளவுதான். அதன்பின் சுற்றுவட்டார அருவிகள் பலவற்றில் மக்கள் கூடத் தடை வந்தது. மழைக்காலத்தில் இத்தகைய தடைகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. புறப்படும் முன் விசாரிப்பது நல்லது.

மதியம் இரண்டு மணி. கிராமத்து வீட்டில் அரிசி மாவு பாக்ரியும் பிட்லாவும் தயார் என்று செய்தி வருகிறது. தானே அக்கா எழுந்து, யாரும் கூப்பிடாமலே வரிசையின் கடைசியில் நிற்கிறார். முறை வருமுன்பே முன்னால் நிற்பவர் வழிவிடுகிறார். இந்த முறை அவர் கீழே பார்க்கவில்லை, பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கிறார். ஓர் அடி. நீண்ட இடைவெளி. இன்னோர் அடி. நாற்பதடி இறங்கியதும் தண்ணீர் ஹெல்மெட்டில் கல்மாரியாக விழுகிறது. கண் திறக்க முடியாது, காது கேட்காது. தலையைக் குனிந்து, வாயால் மூச்சுவிட்டு, தாரையின் ஓரத்துக்கு நகர வேண்டும். நகர்கிறார். குளத்தில் கால் பட்டபோது மகள் அழுதுகொண்டிருக்கிறாள். அம்மா கைகளைப் பிரித்து, சிவந்துபோன வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறார்.

அடுத்த ஆளுக்குக் கொக்கி மாட்டும்போது குழுத் தலைவர் கையை உயர்த்துகிறார். வெண்மையாக விழுந்த நீரில் ஒரு மண் நிறக் கோடு, கூடவே சருகுகள். கயிற்றைச் சுருட்டச் சொல்கிறார். வரிசையில் இன்னும் ஆறு பேர், முழுப் பணம் கட்டியவர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்று ஒருவர் தொடங்க, தலைவர் காதில் வாங்காமல் முடிச்சை அவிழ்க்கிறார். கால் மணி நேரத்தில் அருவி முழுதும் பழுப்பு நிறமாகி, காலையில் அவர்கள் உட்கார்ந்து ஷூ மாட்டிய பாறையின்மேல் ஓடுகிறது.

திரும்பும் ரயிலில் அந்த ஆறு பேரும் ஒரே பெட்டியில். கல்யாண் வரை முணுமுணுப்பு ஓயவில்லை. எதிர் இருக்கையில் அம்மாவும் மகளும் ஈரத் துணியோடு தூங்கிவிட்டார்கள்.