முனையில் பூத்த உப்பு

இரவில் நோயாளியின் அழைப்பு வருவது குருக்களுக்குப் புதிதன்று. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு, பாகூர் கொம்யூனிலுள்ள ஒரு சிற்றூரில் மூதாட்டி ஒருவர் இறுதி நிலையில் இருப்பதாகச் செய்தி வந்தது. நாமோ அன்று வில்லியனூரில் தங்கியிருந்தோம். நோயில்பூசுதலுக்குரிய எண்ணெயுடன் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினோம். 'டக்' என்றொரு ஓசை, அவ்வளவே. முகப்பு விளக்குகள் நன்றாக எரிந்தன. சாவியைத் திருப்பும்போது மட்டும் அணைந்தன. விளக்கெரியும் வண்டி ஏன் கிளம்பவில்லை என்பது நமக்கு விளங்கவில்லை. மழைச் சேற்றில் தள்ளவும் இயலவில்லை.

உபதேசியார் மெழுகுவர்த்தியுடன் ஓடிவந்தார். அண்டை வீட்டு மெக்கானிக் தம்பி, "ஐயா, அதை அப்பால் கொண்டுபோங்க! பேட்டரியிலிருந்து வர்ற வாயு தீப்பிடிக்கும்" என்றார். பின்பு டார்ச் ஒளியில் பேட்டரியின் முனையைக் காட்டினார். வெண்பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருந்தது.

"பேட்டரியில சார்ஜ் இருக்கு சாமி. பிடிப்புத்தான் இல்லை."

விளக்குகளுக்குப் பத்து ஆம்பியர் அளவு மின்சாரம் போதும். அது அழுக்கினூடே கடந்துவிடும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அது கடக்க இயலாது நின்றுவிடுகிறது. தம்பி எதிர்முனையை முதலில் கழற்றினார். ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி எழாதிருக்க அதுவே முறையாம். சுடுநீர் ஊற்றி, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கத் தேய்த்தார். நேர்முனையை முதலிலும் எதிர்முனையைக் கடைசியிலும் இறுகப் பூட்டினார். வண்டி உடனே கிளம்பிற்று. அரைமணி நேரம் கழிந்திருந்தது.

கரிக்கலாம்பாக்கம் வழியாக விரைந்தோம். அம்மூதாட்டி உயிரோடிருந்தார், ஆனால் பேச்சு நின்று கால்மணி ஆகியிருந்தது. "சாமி வந்துட்டாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்" என்றார் மகள். எண்ணெய் பூசுகையில் கண்கள் மட்டும் ஒருமுறை திறந்தன. அவர் சொல்ல விரும்பியது யாதென்று இனி அறியோம். அக்குடும்பத்தார் நம்மிடம் ஒரு குறையும் கூறவில்லை.

அன்பு வாசகரே, அவர்கள் அறியாத ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அந்த உப்பை நாம் இரு மாதங்களுக்கு முன்பே கண்டிருந்தோம். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடியைச் சாத்திவிட்டோம். வண்டி வைத்திருப்போர் மாதம் ஒருமுறை பேட்டரியின் முனைகளைப் பாருங்கள். துடைத்து, இறுக்கி, சிறிது வாசலின் தடவுங்கள். சில நிமிட வேலைதான். இப்பொழுது ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் நாம் அதைச் செய்து வருகிறோம்.